காற்று திரும்பும் வரை

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசைக்கு நேராகப் போகக்கூடிய பாய்மரக் கப்பலை இதுவரை யாரும் கட்டியதில்லை. சோழர் காலத்து நாவாயாலும் முடியாது, இன்றைக்கு ஒலிம்பிக்கில் ஓடும் படகாலும் முடியாது. சிங்கப்பூரின் பழைய கதையைப் படிக்கிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நம் ஆட்கள் இங்கே வந்தது, தங்கியது, தர்காவும் கோயிலும் எழுப்பியது, கடன் கொடுத்து வாங்கியது எல்லாவற்றுக்கும் அடியில் இது இருக்கிறது. வரலாற்றுப் பாடங்கள் 'கடல் கடந்து வந்தார்கள்' என்று அரை வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த அரை வரிக்குள் மாதக்கணக்கான காத்திருப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டது நடுவயதில். மகள் பள்ளி வழியாக ஈஸ்ட் கோஸ்ட் கடலில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வார இறுதிகளில் கரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், ஒரு கட்டத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் என் பெயரையும் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு. 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய். முன்பக்கம் கூர்மையாக இல்லாமல் சப்பையாக வெட்டியிருக்கும். ஒட்டுப்பலகையை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய படகாக இருக்கவேண்டும் என்று நினைத்துச் செய்த வடிவம் அது. உலகத்தின் பெரிய போட்டிகளில் ஓடும் மாலுமிகளில் பலர் இந்தச் சின்னப் படகில் தொடங்கியவர்கள்தான். பெரியவர்களுக்கு லேசர். நாலு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், அதற்கும் ஒரே பாய், ஓட்டுவது ஒரே ஆள்.

படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்தால் பாய் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். படகு நின்றுவிடும், அப்புறம் மெல்லப் பின்னால் நகரும். மூக்கைக் காற்றிலிருந்து சுமார் 45 டிகிரி விலக்கிப் பிடித்தால் பாய் வளைந்து நிறைந்து இறுகும், படகு முன்னேறத் தொடங்கும். காற்று ஏறக்குறைய எதிரே வரும்போது படகு எப்படி முன்னால் போகிறது? வகுப்பில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்று வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறது. அதில் பிறக்கும் விசை படகைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளப் பார்க்கும். படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கிவைத்திருக்கும் பலகை ஒன்று அந்தப் பக்கவாட்டுத் தள்ளலுக்கு இடம் கொடுக்காது. எஞ்சுகிற விசை படகை முன்னால் கொண்டுபோகிறது. அந்தப் பலகையை மேலே தூக்கிப் பாருங்கள், படகு நண்டு நடை நடக்கும். மேலே காற்றில் ஒன்று, கீழே தண்ணீரில் ஒன்று, இரண்டும் எதிரெதிராகப் பிடித்துக்கொள்வதில்தான் ஓட்டம் இருக்கிறது.

எதிர்க்காற்றில் ஓர் இடத்துக்குப் போகவேண்டுமானால் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திருப்பி மறுபக்கம் கொஞ்ச தூரம். அந்தத் திருப்பத்துக்கு டேக் என்று பெயர். உட்கார்ந்திருப்பது காற்று வரும் பக்கத்து விளிம்பில். பின்பக்கக் கையில் டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் கம்பு. முன்பக்கக் கையில் பாய்க் கயிறு. டில்லரை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும், இது கைக்குப் பழகவே சில நாள் ஆகும். திரும்பப் போகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, டில்லரைப் பாய் இருக்கும் பக்கமாகத் தள்ளுகிறேன். மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. பாய் பிடிப்பை விட்டு அடித்துக்கொள்கிறது. பாயின் அடியைத் தாங்கும் கம்பு தலைக்கு மேலே ஆடிக்கொண்டு வருகிறது. குனிய வேண்டும், குனிந்தபடியே எதிர் விளிம்புக்குக் கடக்க வேண்டும், கடக்கும்போதே கைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் மூக்கு காற்றைத் தாண்டியிருக்கும். பாய் மறுபக்கம் சட்டென்று நிறையும், கயிறு உள்ளங்கையை இழுக்கும், படகு சாய்ந்து மறுபடி ஓடத் தொடங்கும். எல்லாம் சில விநாடி வேலை. பாதியில் தயங்கினால் படகு காற்றுக்கு நேரே மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

சதுரப் பாய் கட்டிய பழைய பெரிய கப்பல்களுக்கு இந்தத் திருப்பம் ஒரு பெரிய வேலை. காற்றிலிருந்து 65 டிகிரிக்கும் மேல் விலகித்தான் அவை ஓடும். பக்கவாட்டில் நழுவுவதையும் நீரோட்டத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வளைந்து வளைந்து ஓடிவிட்டு, காலையில் பார்த்த அதே முனையை மாலையிலும் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். அதனால் அந்தக் காலத்து மாலுமிகள் எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்பதைக் கூடுமானவரை தவிர்த்தார்கள். காற்று திரும்பும்வரை துறையில் கிடந்தார்கள்.

எங்கள் புளோக்கில் நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதில் அப்பாவோடு தோணியில் போனவர், இங்கே வந்த பிறகு துறைமுகத்தில் லாஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாயைத் தெரிந்தது ஊரில், எஞ்சினைத் தெரிந்தது இங்கே. அவர் வங்கக் கடலைக் கடந்ததோ ரஜூலா நீராவிக் கப்பலில், பயணியாக. 1926இல் கட்டிய அந்தக் கப்பல்தான் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை நம் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நான் படகு ஓட்டப் பழகுகிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் என்னைப் பார்த்தால் முதல் கேள்வி, "என்னம்மா, இன்னிக்கு என்ன காத்து?" என்பதுதான். நான் போனில் வானிலை பார்த்துச் சொல்வேன். அவர் தலையைத் தூக்கி எதிர் புளோக்கின் சமையலறை ஜன்னல்களில் மூங்கில் கம்புகளில் காயும் துணிகளைப் பார்ப்பார். "மேல் மாடித் துணி ஒரு பக்கம் அடிக்குது, கீழே இன்னொரு பக்கம் அடிக்குது பாரு. கட்டடம் காத்தைச் சுத்தி விடுது. மேலே இருக்கறதை நம்பு."

அவர் காற்றுக்குச் சொல்லும் பெயர்கள் சோழமண்டலக் கரையின் பெயர்கள். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்குப் பக்கத்திலிருந்து கச்சான். சிங்கப்பூரில் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடை. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று என்று பெயர்; ஆனால் இந்தத் தீவில் அது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வீசும். மாமா அதைச் சோழகம் என்றே சொல்கிறார். படகு ஓட்டிப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நடுவே ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்று செத்துக் கிடக்கும். பாய் துவண்டு தொங்கும், நீரோட்டம் படகைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் சுமத்ரா இருக்கிறது. மலாக்கா நீரிணையின் மறுகரையில் இரவில் திரண்டு, விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வந்து அடிக்கும் சூறைக்காற்று. அதற்கே சுமத்ரா என்று பெயர். மேற்கு வானத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். காற்று ஒரு நிமிடம் அடங்கும், பிறகு குளிராக ஓங்கி வீசும். கரையில் ஊதல் கேட்டால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஒருமுறை நாங்கள் திரும்பி வருவதற்குள் அது எட்டிவிட்டது. பயிற்சியாளர் ரப்பர் படகில் நின்றபடி கத்திய ஒரே வார்த்தை "ஷீட்! ஷீட்!" ஷீட் என்பது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அதை விட்டுவிட்டால் பாய் கொடி மாதிரி பறக்கத் தொடங்கும், காற்றின் பிடி போய்விடும், படகு நிமிரும். விட்டேன், நிமிர்ந்தது. அந்த நேரத்தில் அவர் 'கயிற்றை விடு' என்று பொதுவாகக் கத்தியிருந்தால் எந்தக் கயிற்றை என்று கை தேடிக்கொண்டிருக்கும். பெரிய பாய்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள். பாயை ஏற்றி இறக்க ஒன்று, பாய் தொங்கும் பருமல் என்ற குறுக்குக் கம்பைத் திருப்ப ஒன்று, பாயைச் சுருட்ட ஒன்று, பாய்மரம் சாயாமல் தாங்கிப் பிடிக்கப் பல. இருட்டில், மழையில், கப்பல் சாய்ந்து கிடக்கும்போது ஒரே சொல்லில் ஒரே கயிற்றுக்குக் கை போகவேண்டும். கடலோடிகளிடம் இத்தனை பெயர்கள் இருப்பது இதற்காகத்தான்.

அந்தப் பெயர்கள் எல்லாம் கலப்படம். இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களில் ஒரே தளத்தில் தமிழர், குஜராத்தியர், வங்காளியர், அரபியர், மலாய்க்காரர், போர்த்துக்கீசியர் எல்லோரும் வேலை பார்த்தார்கள். செரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி என்ற பதவிப் பெயர்கள் துறைமுகம் துறைமுகமாக நடந்தவை. கல்கத்தாவில் 1811இலேயே இந்தக் கப்பல் பேச்சுக்கென்று தனி அகராதி அச்சாகியிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் கப்பலின் கலாசிகளுக்கு, அதாவது மாலுமிகளுக்கு, கட்டளை சொல்ல அது தேவைப்பட்டது. ஈஸ்ட் கோஸ்ட்டில் இன்றைக்கும் கேட்கலாம். இரண்டு படகுகள் மோதும் பாதையில் வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு முன்னுரிமை, மற்றது விலக வேண்டும் என்பது விதி. பத்து வயதுப் பிள்ளைகள் தண்ணீருக்கு மேலே "ஸ்டார்போர்ட்!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். வீட்டில் அந்தப் பிள்ளை தமிழோ மலாயோ சீனமோ பேசட்டும், தண்ணீரில் அந்தச் சொல் ஒன்றுதான்.

சரி, காத்திருப்புக்கு வருகிறேன். உலக வரைபடத்தை எடுத்துச் சிங்கப்பூரில் விரலை வையுங்கள். சீனாவிலிருந்து வரும் ஜங்க் கப்பல்களுக்கு வாடை வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் வருவார்கள், காற்று திரும்பிய பிறகுதான் ஊருக்குப் போகமுடியும். சுலாவெசியிலிருந்து வரும் புகிஸ் வணிகர்கள் தென்கிழக்குக் காற்றைப் பிடித்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருவார்கள், அது மாறியதும் திரும்புவார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வரத் தென்மேற்குக் காற்று, திரும்பிப்போக வாடை. ஆளாளுக்கு ஒரு காற்று, ஆளாளுக்கு ஒரு பருவம். ஜனவரியில் ஒருவர் கொண்டுவந்து இறக்கும் சரக்கை வாங்கவேண்டியவர் அக்டோபரில்தான் வருவார் என்றால், நடுவே அந்தச் சரக்கு எங்கேயாவது கிடக்க வேண்டும், பணத்தை யாராவது முன்கூட்டிப் புரட்டித் தர வேண்டும். கிடங்கும் தரகும் கடனும் இந்த ஊரின் முதல் தொழில்களாக ஆனதற்குத் தீர்வையில்லாத் துறைமுகம் என்பதை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்று நினைக்கிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் செட்டியார்கள் கிட்டங்கி என்ற கூடங்களில் பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டி, போட்டு உட்கார்ந்தார்கள் அல்லவா, அவர்கள் விற்றதும் ஒருவகையில் காத்திருக்கும் காலத்தைத்தான். நீராவிக் கப்பல் வந்த பிறகும் அந்தத் தொழில் வளர்ந்தது. ஆனால் அதற்கு நிலம் பண்படுத்திக் கொடுத்தது பாய்க்கப்பலின் பருவம்.

ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்றால் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அணியம், அதாவது முன்பக்கம், பெரும்பாலும் எல்லாக் கப்பலிலும் ஒரே திசையைப் பார்த்திருக்கும். நீரோட்டத்தையும் காற்றையும் நோக்கி அவை தாமாகவே திரும்பிக்கொள்ளும். நீரோட்டம் மாறினால் மொத்தக் கூட்டமும் மெல்லத் திரும்பும். நங்கூரம் ஒரு கப்பலைப் பிடித்துவைப்பது எடையால் மட்டும் இல்லை. ஆழத்தைப்போல ஐந்தாறு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விட்டால், அது கடலடியில் படுத்துக்கிடந்து நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அப்போதுதான் அதன் நாக்கு சேற்றில் ஆழமாகப் பதியும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 1820களிலும் இந்தக் கடலில் கப்பல்கள் இதே முறையில்தான் கிடந்திருக்கும். இன்றைக்கு அவை எண்ணெய்க்கும் துறையில் இடத்துக்கும் காத்திருக்கின்றன.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு ஒருமுறை நிதானமாகப் போய்ப் பாருங்கள். இன்று சுற்றிலும் வங்கிக் கோபுரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலைத் தூர்க்கும்வரை அந்தத் தெருவே கரை. அதில் 1827இல் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது, முதலில் குடிசையாக இருந்ததால் குச்சுப் பள்ளி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1828-30இல் எழுப்பிய நாகூர் தர்கா. கொஞ்சம் தள்ளி, கடல் தாய் மாச்சுவுக்கு ஹொக்கியன் மக்கள் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், 1842இல் முடிந்தது. ஒரே தெருவில், அடுத்தடுத்து. கரை இறங்கியவர் முதலில் நன்றி சொல்லவும், கிளம்புகிறவர் கடைசியாக வேண்டிக்கொள்ளவும் வசதியான இடம். காற்றுக்காகத் துறையில் மாதக்கணக்கில் தங்கும் ஒரு கூட்டம் இருந்தால் அந்தக் கூட்டத்துக்குத் தொழவும் கூடவும் இடம் வேண்டாமா? அந்தத் தெருவுக்கு அழைத்துப் போகிறவர்கள் தூண்களையும் வளைவுகளையும் அருமையாக விளக்குகிறார்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்றில் யார் வந்து இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தத் தெரு இன்னும் நன்றாகப் புரியும்.

நாகூர் தர்காவின் இறைநேசரான நாகூரார் கடலோடிகளின் காவலர். ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை, நாகூரில் முடி திருத்திக்கொண்டிருந்த அவர் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்ற கதையை மாமா பல தடவை சொல்லியிருக்கிறார். நாகூர்க் கந்தூரியில் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் கிளம்பும்போது கப்பல் வடிவத்தில் ஜோடித்த வண்டிகளும் தெருவில் வரும். மாமா இந்து, அவர் வீட்டில் கடலுக்குப் போகுமுன் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொள்வது வழக்கமாம். "கடல்ல போறவனுக்கு எல்லாச் சாமியும் வேணும்மா" என்பார்.

சோழன் கடாரம் கொண்டதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். 1025இல் 'அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி'ய ராஜேந்திரனின் பெருமை எனக்கும் பிடிக்கும். ஆனால் சிங்கப்பூரைப் பொறுத்தவரை என் மனம் தொங்கான்காரர்கள் பக்கம்தான் போகிறது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை அங்கிருந்து ஆற்றுக்குள் போட் கீ கிடங்குகளுக்குக் கொண்டுவருவது தொங்கான் என்ற சரக்குப் படகுகள். 1860களில் இந்த ஊரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீயில்தான் நடந்தது என்கிறார்கள். ஆரம்பக் காலத்தில் இந்தத் தொங்கான்களில் பெரும்பாலும் வேலை பார்த்தவர்கள் சோழமண்டலக் கரைக்காரர்கள், சூலியா என்று இங்கே அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அதில் முக்கியமானவர்கள். ராஃபிள்ஸ் 1822இல் போடச் சொன்ன நகரத் திட்டத்தில் ஆற்றை ஒட்டிச் சூலியா கம்பம், அதாவது சூலியாக் குடியிருப்பு, என்றே ஒரு பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது சூலியா ஸ்திரீட் என்ற பெயர்ப்பலகை.

ஏன் இந்த வேலைக்கு நம் கரைக்காரர்கள்? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. மெட்ராஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்கும். ஆளும் சரக்கும் கரை சேர்வது மசூலாப் படகில், அலையின் மேல் ஏறி இறங்கி. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் போட்டாலும் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் சரக்கு கொண்டுபோவதையே தொழிலாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்த கரை அது. அங்கே அலை, இங்கே ஆறு. கை பழகிய வேலை ஒன்றுதான்.

புறநானூற்று 30ஆம் பாட்டில் புகார்த் துறையைப் பற்றி ஒரு காட்சி வருகிறது. 'கூம்பொடு மீப்பாய் களையாது' ஆற்று முகத்தில் நுழைந்த பெருங்கலம் என்கிறது. அதாவது பாய்மரத்தையும் மேல்பாயையும் இறக்காமல், சரக்கையும் குறைக்காமல் கப்பல் அப்படியே உள்ளே வந்துவிடும் அளவுக்கு ஆழமும் அகலமும் உள்ள துறை. கடல் தெரிந்தவர்தான் ஒரு துறையை இப்படிப் பாராட்ட முடியும். சிங்கப்பூர் ஆறு அதற்கு நேர்மாறு. ஆழம் குறைவு, வாய் குறுகல். 1869இல் கவெனா பாலம் வந்தபிறகு இன்னும் கஷ்டம். ஓதத்தில் கடல்நீர் ஏறிய நேரத்தில் படகுகள் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது, நீர் வற்றக் காத்துக்கிடக்க வேண்டும். கடலில் காற்றுக்குக் காத்திருந்தவர்கள் ஆற்றில் ஓதத்துக்குக் காத்திருந்தார்கள்.

அதே 1869இல்தான் சூயஸ் கால்வாய் திறந்தது. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது. அந்த வழி நீராவிக் கப்பலுக்கே வாய்த்தது. தஞ்சோங் பகார் துறைகளில் நீராவிக் கப்பல்கள் வந்து அணைந்தன. ஆற்றிலோ சீனர்களின் துவாக்கோ படகுகள் பெருகி, நம் தொங்கான்காரர்கள் குறைந்தார்கள். ஆனாலும் பாய் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் சுமத்ராவிலிருந்து விறகும் கரியும் ஏற்றிக்கொண்டு பாய்த் தொங்கான்கள் இந்தத் தீவுக்கு வந்துகொண்டிருந்தன. தஞ்சோங் ரூ பக்கம் கரிக் கிடங்குகள் இருந்தன என்பது இன்று அங்கே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தைத்த கப்பலைப் பற்றிச் சொன்னேன். அதை நேரில் கற்பனை செய்துபார்க்க உதவும் இடம் எம்பிரஸ் பிளேஸில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சீனத் தாங் வம்ச காலக் கப்பலின் சரக்கு. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த கப்பல் அது. அதில் இருந்த ஒரு கிண்ணத்தில் பொறித்திருக்கும் சீன ஆண்டு நம் கணக்கில் 826. சீனத்துப் பீங்கான் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிய அந்தக் கப்பலை மேற்கு இந்தியப் பெருங்கடலின் முறையில் ஆணியில்லாமல் தைத்திருக்கிறார்கள். அதே முறையில் ஓமானில் ஜுவல் ஆஃப் மஸ்கட் என்று 18 மீட்டர் நீளத்தில் ஒரு கப்பலைக் கட்டி, 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து பாய் விரித்து, கொச்சி, இலங்கையின் காலி, பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூர் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓமான் மக்களின் பரிசு. பிப்ரவரி முதல் ஜூலைவரை என்பதைக் கவனியுங்கள். நம் காலத்திலும் அந்த வழியில் பாய்க்கப்பலுக்கு மாதக்கணக்குதான்.

ஜங்க் கப்பலின் பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பாயின் குறுக்கே மூங்கில் சட்டங்கள் வைத்துக் கட்டியிருப்பார்கள். கயிற்றைத் தளர்த்தினால் மூங்கில் தட்டி மடிவது மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கும். சுமத்ரா வருகிறது என்றால் ஓரிரு ஆட்கள் தளத்தில் நின்றபடியே பாயைப் பாதியாகக் குறைத்துவிடலாம். யாரும் மரத்தில் ஏற வேண்டியதில்லை. ஐரோப்பியச் சதுரப் பாயில் ஆட்கள் மேலே ஏறிப் பருமலில் தொங்கிக்கொண்டு துணியைச் சுருட்ட வேண்டும். இந்தக் கடலுக்கு எது நல்ல பாய் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சீனப் பாயைத்தான் சொல்வேன்.

1983இல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் திட்டத்தில் சரக்குப் படகுகள் எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தபிறகு ஆற்றுக்குள் ஓதமும் ஏறுவதில்லை. நாம் குடிக்கிற தண்ணீர் அங்கே தேங்குகிறது. அது தேவையான வேலைதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கவலை வேறு. மாமா வயதில் இருக்கிறவர்கள் போய்விட்டால் அணியம், பருமல், தண்டல், சோழகம், கச்சான் என்று பேசுகிற வாய் இந்த ஊரில் இருக்காது. பயிற்சி வகுப்பில் நம் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு; வருகிறவர்களும் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கற்கிறார்கள். கற்கட்டும், தண்ணீரில் அதுதான் உயிரைக் காக்கும். கூடவே வீட்டில் தாத்தாவிடம் கேட்டு நம் பெயரையும் தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளைக்குக் கடல் இன்னும் கொஞ்சம் சொந்தமாகும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், தொங்கானிலோ தோணியிலோ லாஞ்சிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் இந்த மாதமே போய் உட்கார்ந்து பேசுங்கள். போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாயை ஏற்றும் கயிற்றுக்கு என்ன பெயர், இழுக்கும் கயிற்றுக்கு என்ன பெயர், படகு சாயும்போது என்ன சொல்லிக் கத்துவார்கள், எந்த மாதம் எந்தக் காற்று என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு பழைய துணியும் கொஞ்சம் கயிறும் கையில் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. மாமாவிடம் நான் அப்படித்தான் செய்தேன். கை வேலை செய்யத் தொடங்கினால் பெயர்கள் தானாக வரும். எந்த ஊர்க் கரை, எந்த ஆண்டு, படகின் பெயர் என்ன, இந்த மூன்றையும் பதிவிலேயே சொல்லச் சொல்லிவிடுங்கள்.